அகரம் கூட்டல் குறியான காலம்

தமிழின் முதல் மூன்று உயிரெழுத்துகளை ஒருவர் மின்மடலில் தட்டி அனுப்புகிறார். மறுமுனையில் வந்து சேர்வது ஒரு கூட்டல் குறி, ஒரு காற்புள்ளி, ஒரு சிறு கோடு. 1990களின் பிற்பகுதியில் திஸ்கி என்ற குறியேற்றத்தில் எழுதிய தமிழுக்கு இந்த ஆபத்து உண்மையாகவே இருந்தது. திஸ்கியில் அகரத்தின் எண் 171. ஆகாரம் 172, இகரம் 173. வழியில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய கணினி ஒவ்வோர் எண்ணிலும் 128ஐக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 43, 44, 45. ஆங்கில அட்டவணையில் அந்த எண்களுக்கு உரியவை மேலே சொன்ன மூன்று குறிகள்தாம்.

கணினி ஏன் 128ஐக் கழிக்க வேண்டும்? 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, தொலைதட்டச்சுக் கருவிக்கான கட்டளை என எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. 128 இடங்களைக் குறிக்க ஏழு பிட்டுகள் போதும். கணினியின் ஒரு பைட்டில் இருப்பதோ எட்டு. எஞ்சிய எட்டாவது பிட்டைத் தொலைபேசிக் கம்பியில் பிழை பார்க்கும் காவல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அல்லது தேவையில்லை என்று வெட்டிவிட்டார்கள். ஆங்கிலக் கடிதத்துக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் நிரலும் படமும் எழுத்துருவும் எட்டுப் பிட்டுகளையும் பயன்படுத்துபவை. அவற்றை அப்படியே அஞ்சலில் போட்டால் போய்ச் சேருவது குப்பை.

அந்தக் குறுகிய வழியில் கோப்புகளைச் சேதமின்றிக் கொண்டுபோகச் சிலர் சிறு நிரல்களை எழுதினார்கள். கணினித் தமிழ் பற்றிய கட்டுரைகளில் எழுத்துருக்கள் வருகின்றன, விசைப்பலகைகள் வருகின்றன; இந்த நிரல்களைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அவை இல்லாமல் அந்த எழுத்துருக்களில் பல, கம்பி வழியாகக் கடல் கடந்திருக்காது.

எடுத்துக்காட்டுக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ரெங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். குளுவாங்குக்குத் தெற்கே உள்ள சிற்றூர். 1909இல் முடிந்த கெமாஸ் – ஜொகூர் பாரு ரயில் பாதை இதன் வழியாகத்தான் போகிறது. பாதையை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. பால்மரம் வெட்டத் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. பின்னாளில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் முடிந்த ரயில்கள் 2011 ஜூன் 30 வரை இந்தத் தடத்தில்தான் ஓடின. கணினித் தமிழின் வரலாற்றில் அந்த இரண்டு முனைகளும் பெரிய இடம் பெற்றவை. வடமுனையில் முத்து நெடுமாறனின் முரசு என்ற தமிழ் மென்பொருள், தென்முனையில் நா. கோவிந்தசாமியின் கணியன். நடுவே இருந்த ரெங்கம் போன்ற ஓர் ஊருக்கு இவ்வகை மென்பொருள் வந்து சேர இரண்டே வழிகள்: அஞ்சலில் வரும் நெகிழ்வட்டு, அல்லது தொலைபேசிக் கம்பி. ரயில் பெட்டியின் அகலத்துக்குள் அடங்காத சரக்கைப் பிரித்துக் கட்டித்தான் ஏற்ற வேண்டும். கம்பியில் போகும் கோப்புக்கும் அதே விதி.

பிரித்துக் கட்டும் முறைகளில் எளியது ஒன்று. எட்டுப் பிட்டுள்ள பைட்டை நான்கு நான்காக இரண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சாதாரண எழுத்தை வைப்பது. நான்கு பிட்டுகளுக்குப் பதினாறே வாய்ப்புகள். பத்து எண்களும் ஆறு ஆங்கில எழுத்துகளும் போதும். இப்படி மாற்றிய கோப்பு, பார்ப்பதற்குப் பொருளற்ற கடிதம்போல் இருக்கும். ஆனால் எந்த அஞ்சல் கணினியும் அதைத் தடுக்காது. டிம் மான் என்பவர் டிஆர்எஸ்-80 என்ற தனியாள் கணினிக்கு எழுதிய பின்ஹெக்ஸ் நிரல் இதைத்தான் செய்தது. எட்டாவது பிட்டை மதிக்காத கம்ப்யூசெர்வ் போன்ற சேவைகள் வழியாக நிரல்களைப் பரிமாறிக்கொள்ள அது உதவியது.

1984இல் மேக்கின்டாஷ் வந்தது. அதே ஆண்டில் வில்லியம் டேவிஸ் பின்ஹெக்ஸை மேக்குக்குக் கொண்டுவந்தார், பேசிக் மொழியில். பேசிக் படிப்பதற்கு எளிது, ஓடுவதற்கு மெது. நிரலின் ஒவ்வொரு வரியையும் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துப் பொருள் கண்டு அதன் பிறகே செய்யும். கோப்பில் ஐம்பதாயிரம் பைட் இருந்தால் அந்தப் படிப்பும் ஐம்பதாயிரம் முறை நடக்க வேண்டும். மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டு, எழுந்து போய் வேறு வேலை பார்க்கும் அளவுக்குத் தாமதம்.

இந்த இடத்தில் வருகிறார் ஈவ் லாம்பெரர். அதே வேலையைச் செய்யும் நிரலை அவர் அசெம்ப்ளர் மொழியில், அதாவது செயலி நேராகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளுக்கு மிக நெருங்கிய மொழியில், திருப்பி எழுதினார். பேசிக் வடிவத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகம். பயன் புதிதல்ல, முறையும் புதிதல்ல. வேகம் ஒன்றே புதிது. ஆனால் அந்த வேகம்தான் ஒரு சிலரின் வித்தையை எல்லாருடைய வழக்கமாக மாற்றியது. ஒரு கருவி பரவுவதற்கு அதன் திறன் எவ்வளவு முக்கியமோ, அது பயனரைக் காக்கவைக்காமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

வேகம் கிடைத்ததும் அளவு உறுத்தியது. ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து என்றால் கோப்பு இரு மடங்காகிறது. லாம்பெரர் அடுத்த பதிப்பில் கணக்கை மாற்றினார். மூன்று பைட்டுகளில் இருபத்துநான்கு பிட்டுகள். அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு துண்டுகள். ஆறு பிட்டுகளுக்கு 64 வாய்ப்புகள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சில குறிகள் எல்லாம் சேர்த்தால் 64 தேறும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. இரு மடங்கு வீக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

அன்றைய மோடத்தில் இது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதை ஒரு கணக்கு காட்டும். நொடிக்கு 1200 பிட் போகும் மோடத்தில் நொடிக்கு 120 எழுத்து செல்லும். ஒரு லட்சம் பைட் கொண்ட கோப்பு பழைய முறையில் இரண்டு லட்சம் எழுத்தாகி ஏறக்குறைய 28 நிமிடம் எடுக்கும். புதிய முறையில் அது 19 நிமிடத்துக்குள் முடியும். ரெங்கத்திலிருந்து கோலாலம்பூருக்கு மோடத்தை இணைத்தால் அது வெளியூர் அழைப்பு. மிச்சமாகும் ஒன்பது நிமிடம் கட்டணச் சீட்டில் தெரியும். இடையில் கம்பி இரைந்து கோப்பு அறுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே ஆறு பிட் யோசனையை யூனிக்ஸ் உலகம் முன்பே கண்டிருந்தது. 1980இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யுயுஎன்கோட் அது. கோப்பை 45 பைட் கொண்ட வரிகளாக வெட்டும். ஒவ்வொரு வரியும் 60 எழுத்தாகும். வரியின் தொடக்கத்தில் அதன் நீளத்தைச் சொல்லும் ஓர் எழுத்து நிற்கும். தொடக்கத்தையும் முடிவையும் காட்ட இரண்டு ஆங்கிலச் சொற்கள். எளிமையான ஏற்பாடு. ஆனால் அது வெற்றிடத்தையும் ஓர் எழுத்தாகப் பயன்படுத்தியது. வரியின் கடைசியில் நிற்கும் வெற்றிடங்களைச் சில அஞ்சல் கணினிகள் வீண் என்று எண்ணி நீக்கிவிடும், கோப்பு கெட்டுவிடும். பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் வலையில் இன்னொரு தொல்லை. அங்கிருந்த ஐபிஎம் கணினிகள் ஆஸ்கியைப் பேசாதவை. அவற்றின் வழியாகப் போகும்போது சில குறிகள் வேறு குறிகளாகிவிடும்.

1985இல் வந்த பின்ஹெக்ஸ் 4.0 இந்த அனுபவங்களிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு எழுதப்பட்டது. தன் 64 எழுத்துகளை அது பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. வெற்றிடம் கிடையாது. வழியில் மாறிவிடக்கூடிய குறிகள் கிடையாது. சுழியை வைத்துக்கொண்டு, சுழிபோலவே தோன்றும் ஆங்கில ஓவை விட்டுவிட்டது. ஒரே பைட் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணிக்கையை மட்டும் எழுதிச் சுருக்கியது. கோப்பு பழுதின்றி வந்ததா என்று பார்க்கச் சரிபார்ப்பு எண்களையும் சேர்த்தது. கோப்பின் தலையில், இதைப் பின்ஹெக்ஸ் 4.0 கொண்டு மாற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். 1990களில் மேக் வைத்திருந்த எல்லாருக்கும் பழகிப்போன வரி அது.

மேக்குக்கு இந்த நிரல் கட்டாயத் தேவையாக இருந்ததற்கு மற்றொரு காரணம் உண்டு. அந்தக் காலத்து மேக் கோப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிளைகள் கொண்டது: ஒன்று தரவுக் கிளை, மற்றது வளக் கிளை. பிற கணினிகளுக்குத் தெரிந்தது தரவுக் கிளை மட்டும். எழுத்துருக்களோ முழுவதும் வளக் கிளையில் குடியிருந்தன. ஆகவே ஒரு மேக் எழுத்துருவை வேறு கணினி வழியாகச் சும்மா அனுப்பினால் பெயர் போய்ச் சேரும், உள்ளே ஒன்றும் இருக்காது. பின்ஹெக்ஸ் இரண்டு கிளைகளையும் சேர்த்துக் கட்டியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1990களில் உருவாக்கி இலவசமாகத் தந்த மயிலை எழுத்துரு, மேக்கிலும் விண்டோசிலும் பலரின் முதல் தமிழ் எழுத்துரு. அன்று இணையத்திலிருந்து இறக்கிய மேக் எழுத்துருக்கள் பெரும்பாலும் இந்தக் கட்டுக்குள்தான் வந்தன. அதற்கு முன்பே, பள்ளி மாணவராக இருந்த ரேமண்ட் லாவ் 1987இல் எழுதிய ஸ்டஃபிட் வந்துவிட்டது. முதலில் அதைக் கொண்டு கோப்பைச் சுருக்கி, பிறகு பின்ஹெக்ஸில் மாற்றி அனுப்புவது வழக்கமாயிற்று.

மலேசியாவில் இதே ஆண்டுகளில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். கவிஞரும் ஆசிரியருமான அவருடைய தந்தை முரசு நெடுமாறன், மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் திரட்டிக் களஞ்சியமாக வெளியிட்டவர். வலை பக்கம் பார்த்தால், மிமோஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் ராங்கோம் என்ற பெயரில் பல்கலைக்கழகக் கணினிகளைத் தொலைபேசி அழைப்பு மூலம் இணைத்தது. யூனிக்ஸ் கணினிகள் ஒன்றையொன்று அழைத்து மடல்களைக் கைமாற்றும் யுயுசிபி முறைதான் அதற்கு அடிப்படை. யுயுஎன்கோட் என்ற பெயரின் முதல் பாதியும் அங்கிருந்து வந்ததே. 1992இல் ஜாரிங் என்ற வலை வழியாக மலேசியா இணையத்தோடு சேர்ந்தது.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, டான் டின் வீ ஆகியோரின் முயற்சியால் 1995 அக்டோபரில் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. 1997 மே மாதம் அங்கேயே முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. மலேசியாவில் பிறந்து சிட்னியில் குடியேறிய பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில், முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு பலரும் தமிழிலேயே எழுதத் தொடங்கினார்கள். அதுவரை மின்மடல்களில் தமிழர்கள் தமிழைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் எழுதிவந்தார்கள். இந்த மாற்றத்தை நேரில் கண்ட தலைமுறையின் உற்சாகம் இன்று கைபேசியில் தமிழ் தட்டுபவர்களுக்குப் புரிவது கடினம்.

ஆனால் எட்டாவது பிட் சிக்கல் இங்கே நேரடியாகத் தமிழின் கழுத்தைப் பிடித்தது. எழுத்துரு செய்பவர்களுக்கு இரண்டு பாதைகள் இருந்தன. முதலாவது, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்காரவைப்பது. இலங்கைத் தமிழர்களிடையே பரவிய பாமினி இவ்வகை. அதில் எழுதிய மடல் ஏழு பிட் வழியில் பத்திரமாகப் போகும். எழுத்துரு இல்லாதவருக்கு மட்டும் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகத் தெரியும். ஒரே எழுத்துருவில் ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து எழுத முடியாது என்பது இதன் குறை. இரண்டாவது, ஆங்கிலத்தைத் தொடாமல் 128க்கு மேலுள்ள இடங்களில் தமிழை வைப்பது. இருமொழியும் ஒன்றாக வரும். ஆனால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எட்டாவது பிட் வேண்டும்.

கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலியோர் இணையத்திலேயே விவாதித்து உருவாக்கிய திஸ்கி இரண்டாவது பாதையில் போனது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற டாப் குறியேற்றமும் இருமொழிக்கானதே. அது சரியான முடிவு. மலேசியத் தமிழர் ஒருவரின் கடிதத்தில் தமிழும் ஆங்கிலமும் மலாய்ச் சொற்களும் கலந்தே வரும். ஒரு மொழிக்கு மட்டும் இடம் தரும் எழுத்துரு அவருக்குப் பாதிப் பயனே.

பாதை சரி, பயணம் கடினம். எட்டாவது பிட்டை வெட்டும் கணினிகள் குறைந்த பிறகும் இகரம் விபத்தில் சிக்கியது. 173ஆம் இடம் மேலை ஐரோப்பிய அட்டவணையில் மெல்லிணைக் கோட்டுக்கு உரியது. வரி முறியும் இடத்தில் மட்டும் தோன்ற வேண்டிய கோடு அது. மற்ற நேரத்தில் மறைந்திருக்கும். சில மென்பொருள்கள் திஸ்கியின் இகரத்தை அந்தக் கோடு என்று எண்ணி மறைத்துவிட்டன. இந்தியா எழுத்திழந்து நின்றது, இலங்கையும் அப்படியே. திஸ்கி 1.7 பதிப்பில் இகரத்துக்கு இன்னோர் இடமும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

1992இல் நேதனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் முன்வைத்த மைம் விதிகள் எட்டாவது பிட் தொல்லைக்கு மெல்ல மெல்ல முடிவு கட்டின. மடலின் தலையிலேயே அது எந்தக் குறியேற்றம், எப்படிக் கட்டப்பட்டது என்று எழுதிவைக்கும் ஏற்பாடு அது. கட்டும் முறைகள் இரண்டு. ஒன்று பேஸ்64. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற அதே பழைய கணக்கு. மற்றொன்றில் ஆங்கிலம் அப்படியே இருக்கும். 128க்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துமாக மூன்றாகிவிடும். பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் அது பொருந்தும், அங்கே அத்தகைய எழுத்துகள் குறைவு. தமிழ் மடலோ மூன்று மடங்கு வீங்கியது. பெறுபவரின் மென்பொருளுக்கு மைம் தெரியாவிட்டால் திரை முழுக்கச் சமக்குறிகள். 1990களின் இறுதியில் தமிழில் மடல் எழுதிய எவருக்கும் அந்தக் காட்சி மறந்திருக்காது.

1991இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் இயங்குதளங்களும் உலாவிகளும் அதை ஒழுங்காகக் காட்டப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் முரசு அஞ்சலும் மயிலையும் திஸ்கியும் டாபும் வாழ்ந்தன. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் முதலில் பழைய குறியேற்றங்களில் வந்து, பின்னர் யூனிகோடுக்கு மாறின. இன்று அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சல் இணைப்பும் பேஸ்64இல்தான் பெரும்பாலும் போகிறது. யாருக்கும் தெரிவதில்லை, தெரியத் தேவையும் இல்லை.

பழைய கட்டுகளை அவிழ்க்கும் கருவிகள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன என்பதுதான் கவலை. பைதான் மொழியோடு பல ஆண்டுகளாகச் சேர்ந்தே வந்த பின்ஹெக்ஸ் தொகுதி 2022இல் வந்த 3.11 பதிப்பில் நீக்கப்பட்டது. யுயுஎன்கோட் தொகுதி 2024இல் வந்த 3.13 பதிப்பில் போயிற்று. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி இல்லாத கணினிகளே இன்று கடையில் விற்கின்றன. வட்டின் காந்தப் பூச்சும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டுப்போகும்.

ரெங்கத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், மலேசியாவின் எந்தத் தமிழூரிலும், 1990களில் கணினியில் அச்சுக்கோத்த கோயில் குடமுழுக்கு மலரோ பள்ளி ஆண்டு மலரோ சங்க அறிக்கையோ வட்டில் கிடந்தால் அதை இப்போதே தேடி எடுக்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம் பெயர்ந்தபின், அந்த மலர்களில் உள்ள பெயர்களும் படங்களும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். கோப்பைத் திறந்து புதிய மென்பொருளில் சேமிப்பது கூடாது. அதில் பழைய எண்கள் மாறிவிடக்கூடும். முதலில் உள்ளது உள்ளபடியே ஒரு படி எடுக்க வேண்டும். பிறகு எந்த எழுத்துருவில் எழுதியது என்று கண்டறிய வேண்டும். மாற்றுவது அதன் பிறகு எளிது. லினக்ஸ் கணினிகளில் உள்ள ஐகான்வ் கட்டளை திஸ்கியை அறியும். பாமினி, டாப் உட்படப் பல குறியேற்றங்களை யூனிகோடாக்கும் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி உண்டு. மேக்கில் தி அனார்கைவர் என்ற நிரல் பின்ஹெக்ஸ் கட்டை இன்றும் அவிழ்க்கிறது. இவை கிடைக்கும்போதே வட்டுகளைப் படியெடுத்து, எழுத்துருவின் பெயரையும் ஆண்டையும் உறைமேல் எழுதி வையுங்கள்.